பெகுவிலிருந்து வந்த கல்

அன்புள்ள அக்கா,

எங்கள் பாட்டி பர்மாவில் பெகு பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1964இல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, தாத்தாவோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்துவிட்டார். அவர் கொண்டுவந்ததில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு வட்டக் கல்லும் ஒரு சாண் நீளக் கட்டையும்தான். பாட்டி இருந்தவரை தினமும் குளித்ததும் அந்தக் கட்டையை இழைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்வார். சந்தனம் என்று நினைத்து அம்மா இரண்டையும் பூஜை அறையில் வைத்திருக்கிறார். போன மாதம் வந்த உறவுக்காரர் ஒருவர், "இது சந்தனமே இல்லை" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மனசு சரியில்லை. இது நீங்கள் ரங்கூனில் முகத்தில் பூசும் தனக்காவா? அது என்ன மரம்? வெயிலுக்கு நல்லது, பரு வராது என்கிறார்களே, உண்மையா? என் மகளுக்கு இரண்டு வயது. அவளுக்குப் பூசலாமா?

ச., வியாசர்பாடி

அன்புள்ள ச.,

முதலில் அந்தக் கட்டையை எடுத்து, எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். சந்தனத்தில் வாசனை இருப்பது உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த மரத்தில். அதனால் அறுத்த முகத்தைக் கல்லில் வைத்து இழைப்போம். தனக்காவில் எல்லாமே பட்டையில்தான். கட்டையைப் படுக்க வைத்து, அதன் வயிற்றுப் பக்கத்தைக் கல்லில் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். பட்டை தீர்ந்து வெறும் மரம் தெரிந்தால் அந்தப் பக்கம் முடிந்தது, திருப்பிப் பிடிக்க வேண்டியதுதான். உங்கள் கட்டை பக்கவாட்டில் தேய்ந்திருந்தால் அது தனக்காவேதான். கல்லின் விளிம்பை ஒட்டி வட்டமாக ஒரு வாய்க்கால் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அதிகப்படித் தண்ணீர் வடிவதற்கு அது. இங்கே அந்தக் கல்லைச் சௌக்பியின் என்பார்கள். சௌக் என்றால் கல், பியின் என்றால் பலகை.

அம்மா வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் கேட்ட அந்த மரத்துக்குத் தமிழில் மகாவில்வம் என்று பெயர். தமிழ்நாட்டில் பல சிவன் கோயில்களில் நிற்கும் மரம்தான். வில்வத்துக்கு ஒரு காம்பில் மூன்று இலை. மகாவில்வத்தில் ஐந்து, ஏழு என்று அடுக்காக இருக்கும், நடுக்காம்பின் இரு பக்கமும் சிறகு மாதிரி பச்சை விரிந்திருக்கும், முள்ளும் உண்டு. தாவரவியலில் நாரிங்கி கிரெனுலாட்டா. எலுமிச்சை, நாரத்தை, விளா, வில்வம் எல்லாம் இதற்குப் பங்காளிகள். அங்கே கோயிலில் இருக்கிறது, இங்கே எல்லோர் முகத்திலும் இருக்கிறது. ஒரே மரம் இரண்டு ஊரில் இப்படி இரண்டு விதமாக வாழ்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பர்மாவின் நடுப்பகுதியில், மழை குறைந்த சீமையில் இது நன்றாக வளரும். ரங்கூன் சந்தையில் "ஷ்வேபோ கட்டை", "ஷின்மடவுங் கட்டை" என்று ஊர்ப் பெயர் சொல்லித்தான் விற்பார்கள். 35 வருடமாவது வளர்ந்த மரம்தான் நல்ல கட்டை தரும் என்பது இங்குள்ள கணக்கு.

இனி வெயில். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. தனக்காப் பட்டையில் மார்மெசின் என்ற பொருள் உண்டு. வில்வத்தின் தாவரப் பெயரான ஈகிள் மார்மெலோஸிலிருந்து வந்த பெயர் அது. புற ஊதாக் கதிரை உள்வாங்கிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. ஆனால் இதே குடும்பத்தில் நேர் எதிரான வேலை செய்யும் பொருளும் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் வெகுநேரம் நின்றால் சிலருக்குத் தோல் சிவந்து, கொப்பளித்து, அப்புறம் வாரக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். சொராலென் என்ற பொருள் செய்யும் வேலை அது. வெயில் பட்டதும் விழித்துக்கொண்டு தோலைச் சுட்டுவிடும். அந்தச் சொராலெனைச் செடி எதிலிருந்து செய்கிறது தெரியுமா? மார்மெசினிலிருந்துதான். ஒரு படி முன்னால் நின்றால் வெயிலை வாங்கிக்கொள்கிறது, ஒரு படி தாண்டினால் வெயிலோடு சேர்ந்து சுடுகிறது. எந்தப் பட்டையைப் பூசலாம் என்று இங்குள்ள பெண்கள் தோலில் பூசிப் பார்த்தேதான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அதற்காக, கடையில் வாங்கும் சன்ஸ்கிரீனுக்கு இது ஈடு என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் இழைக்கும் பூச்சு ஒரு நாளைப் போல இன்னொரு நாள் இருக்காது. வேர்த்தால் திட்டுத்திட்டாக உதிரும். நல்ல வெயிலில் எனக்குக் குடையும் வேண்டும். பூசியதும் சில்லென்று இருப்பது பூச்சிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால். பரு விஷயத்தில், பட்டைச் சாற்றுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணமும் கொஞ்சம் கிருமியை அடக்கும் குணமும் இருப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் நடப்பது முகத்திலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. வலிக்கிற பருவுக்கு டாக்டரிடம் போங்கள்.

குழந்தைக்கு வேண்டாம். 2009இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், அங்கே குடியேறிய பர்மிய அகதிக் குழந்தைகள் சிலரின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. விசாரித்தபோது, வயிற்றுக்குக் கொடுக்கும் ஒரு நாட்டு மருந்தோடும் தனக்கா பூசும் பழக்கத்தோடும் அதற்குத் தொடர்பு தெரிந்தது. இரண்டு வயதுக் குழந்தை கன்னத்தைத் தடவிய கையை வாயில் வைக்காமல் இருக்குமா? இங்கே தொட்டில் குழந்தைக்கும் பூசுகிறார்கள், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். இருந்தாலும் என் பேத்திக்கு நான் பூசுவதில்லை.

பாட்டி பெகுக்காரர் என்று படித்ததும் சட்டென்று நினைவுக்கு வந்தது அங்கே ஷ்வேமாடோ பகோடா என்ற புத்தர் கோயிலில் இருக்கும் ஒரு தனக்காக் கல். 1551 முதல் 1581 வரை ஆண்ட பயின்னவுங் மன்னரின் மகள் பயன்படுத்தியது என்கிறார்கள். 1930 மே மாதம் வந்த பூகம்பத்தில் பகோடா இடிந்து விழுந்தபோது கல்லும் உடைந்தது. பகோடாவைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். உடைந்த கல்லைத் தூக்கிப் போடாமல் அங்கேயே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக் கல் பூஜை அறையிலேயே இருக்கட்டும். கட்டையில் பட்டை மிச்சம் இருந்தால் நன்றாகக் கழுவிவிட்டு, கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு அம்மாவையே இழைக்கச் சொல்லுங்கள். முதலில் அழுக்குப் பழுப்பாக வரும், அதை வழித்துப் போட்டுவிடுங்கள். அப்புறம் வெளிர் மஞ்சளாகப் பால் மாதிரி வரவேண்டும். பாட்டி கன்னத்தில் அடித்த வாசனை வருகிறதா என்று அம்மாவுக்குத்தான் தெரியும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ரங்கூனிலிருந்து அக்கா