சரளை மண்ணுல உயிர்வேலி, கள்ளி, கத்தாழை: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பல்லடம் பக்கம் இடம், சரளை மண்ணு, போர் தண்ணியும் கம்மி. கம்பி வேலிக்கு காசு இல்ல, உயிர்வேலி எது போடலாம்?

பதில்: கிளுவை தாங்க, யோசிக்கவே வேண்டாம். காங்கேயம் பக்கம் கொறங்காடு பாத்திருப்பீங்க, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் நிக்கற மேய்ச்சக்காடு, அதை சுத்தி இருக்கறது கிளுவை வேலி தான், யாரும் அதுக்கு தண்ணி ஊத்தறதில்ல. விதை தேடி அலையாதீங்க, பழைய வேலில இருந்து கட்டைவிரல் மொத்தத்துல போத்து, அதாவது நடறதுக்கு கிளைத்துண்டு, வெட்டிட்டு வந்து மழைக்கு முன்னாடி நெருக்கமா நட்டு சுத்தி மண்ணை நல்லா மிதிச்சு விடுங்க, போத்து ஆடுச்சுன்னா வேர் புடிக்காது. ஆடு இந்த தழைய விரும்பி மேயும், அதனால மொத வருசம் வெளிப்பக்கம் வேலாமுள்ளு வெட்டி போட்டே ஆகணும். அப்புறம் உசரமா போக விடாம கவாத்து பண்ணிட்டே இருங்க, அப்ப தான் அடில அடைச்சு வரும்.

கேள்வி: திருகுகள்ளி இன்னும் சீக்கிரம் வருமாமே? வீட்ல சின்ன பசங்க இருக்காங்க.

பதில்: வரும், ஆடு மாடும் தொடாது. ஆனா பசங்க இருக்கற வீட்டுக்கு தயவுசெஞ்சு வேண்டாம்மா. ஒடிச்சா வர்ற பால் கண்ணுல பட்டா பார்வையே பாதிக்கும், பட்டுட்டா நிறைய தண்ணி விட்டு கழுவிட்டே இருந்து உடனே கண் டாக்டர்கிட்ட ஓடணும். களாச்செடி வைங்க, முள்ளும் இருக்கு ஊறுகாய்க்கு காயும் ஆச்சு.

கேள்வி: மாடில அடீனியம், தெனமும் தண்ணி விடறேன், அடித்தண்டு கொழகொழன்னு ஆகுது.

பதில்: தெனமும் விடறது தான் காரணம். அந்த குண்டுத்தண்டே தண்ணி தொட்டி தான் தம்பி, மண்ணு முழுசா காஞ்சப்புறம் ஊத்துனா போதும். இப்ப செடிய புடுங்கி, அழுகுனத நல்ல சதை தெரியற வரைக்கும் கத்தில வழிச்சு எடுத்துட்டு நிழல்ல காய விடுங்க, வெட்டு காஞ்சப்புறம் ஆத்து மணலும் உடைச்ச செங்கல்லும் நிறைய கலந்து நடுங்க.

கேள்வி: சப்பாத்திக்கள்ளில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டிருக்கு?

பதில்: நசுக்கி பாருங்க, சிவப்பா சாயம் வந்தா கோச்சினல் பூச்சி. காடு மேடெல்லாம் பரவுன சப்பாத்திக்கள்ளிய ஒழிக்கணும்னே 1926ல நம்ம பக்கம் கொண்டு வந்து விட்டது, அதனால சும்மா விட்டா செடியே போயிரும். தண்ணிய பைப்ல வேகமா பீச்சி அடிச்சு கழுவுங்க, ரொம்ப புடிச்ச மட்டைய வெட்டி எரிச்சிருங்க.

கேள்வி: சோத்துக்கத்தாழை செவந்து போகுது, நோயா?

பதில்: வெயில் அதிகம், அவ்ளோ தான். மத்தியான நிழல் விழற பக்கம் மாத்துங்க, பச்சை திரும்பிரும்.