கார்கோ ஈகோவில் பின் சீட் போடலாமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் பூ வியாபாரம் செய்கிறேன். விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லி, சம்பங்கி கொண்டு போக 2019 மாடல் மாருதி ஈகோ கார்கோ ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. இன்ஷூரன்ஸ் பழைய ஓனர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு குலசாமி கோவிலுக்கும் சொந்தக்காரர் விசேஷங்களுக்கும் போய்வர பின்னால் மூன்று பேர் உட்காரும் சீட் போட ஆசை. தெரிந்த பட்டறையில், காயலான் கடையில் வரும் ஈகோ சீட்டையே பெல்ட்டோடு 18,000 ரூபாய்க்கு மாட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். போடலாமா? ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: போட வேண்டாம். ஆர்.சி.யில் ஏற்றவும் முடியாது. பட்டறைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். அவர் தருவது கம்பெனி சீட்தான், வேலையும் சுத்தமாகத்தான் இருக்கும். சிக்கல் சீட்டில் இல்லை, அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதில் இருக்கிறது.

சீட்டை மாட்டி முடித்ததும் அவர் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக் காட்டுவார். அசையாது. உங்களுக்கும் நம்பிக்கை வந்துவிடும். ஆனால் ஒரு ஆள் கையால் இழுக்கும் பலம் ஐம்பது, அறுபது கிலோவைத் தாண்டாது. கப்பலூர் நான்குவழிச் சாலையில் 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி லாரியின் பின்னால் மோதி நின்றால், உள்ளே இருப்பவரின் உடல் தன் எடையைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு பலத்தோடு முன்னால் பாயும். 60 கிலோ ஆள் அந்த நொடியில் 1,200 கிலோ. அந்த இழுப்பு முழுவதையும் பெல்ட் தாங்க வேண்டும். பெல்ட்டை அதன் போல்ட் தாங்க வேண்டும். போல்ட்டைத் தாங்குவது வண்டியின் தகடு.

கம்பெனியில் மூன்று முனை பெல்ட்டின் பிடிமானத்தைச் சோதிக்க உலக அளவில் ஒரு முறை இருக்கிறது. தோள் பட்டையில் சுமார் 1,350 கிலோ, இடுப்புப் பட்டையில் இன்னொரு 1,350 கிலோ இழுப்பார்கள். ஒரே வரிசையில் மூன்று சீட் இருந்தால் மூன்றையும் ஒரே நேரத்தில் இழுப்பார்கள். கூட்டினால் எட்டு டன்னுக்கு மேல். அத்தனைக்கும் பிடிமானம் பிய்ந்து வரக் கூடாது. இதற்காகவே ஆள் ஏற்றும் மாடலில் சீட் கால் உட்காரும் இடத்திலும் தோள் பெல்ட் மாட்டும் தூணிலும் உள்ளே கூடுதல் தகடு வைத்து, நட்டைச் சேர்த்து வெல்டிங் செய்து அனுப்புகிறார்கள். வெளியே பார்த்தால் ஒரு ஓட்டை மட்டும்தான் தெரியும்.

கார்கோவின் தளம் சரக்குக்காகப் போட்டது. மூட்டை மேலிருந்து கீழே அழுத்தும், அதை அது நன்றாகவே தாங்கும். ஒரு போல்ட் மேல்நோக்கியும் முன்நோக்கியும் பிய்த்து இழுப்பதைத் தாங்கும் ஏற்பாடு அங்கே இருக்கும் என்று நம்பி இறங்க முடியாது. தளத்துத் தகடு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அதில் டிரில் போட்டு, கீழே வாஷர் வைத்து முடுக்கினால் மோதும்போது போல்ட் முறியாது. தகடு கிழிந்து, வாஷரோடு போல்ட் மேலே வந்துவிடும். அப்புறம் மூன்று பேரும் சீட்டோடு சேர்ந்து முன் சீட்டில் வந்து விழுவார்கள். முன் சீட்டில் இருப்பது நீங்கள்.

"வாஷருக்குப் பதில் கீழே 3 மி.மீ. பிளேட் வைத்து வெல்டு அடித்துவிடுகிறேன்" என்பார். வாஷரை விட அது எவ்வளவோ மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடத்தைச் சுற்றி உள்ள தகட்டில் வெல்டிங் சூடு பட்டு பெயிண்ட் எரியும், இரண்டு மழைக்காலத்தில் துரு ஏறும். பூ வண்டிக்கு இது கூடுதல் கவலை, ஈரச் சாக்கிலிருந்து தண்ணீர் நாள்தோறும் தளத்தில் சொட்டும். தளத்துக்கு அடியில் பெட்ரோல் லைனும் பிரேக் பைப்பும் ஓடுவதையும் மறக்க வேண்டாம். எல்லாம் சரியாகவே செய்தாலும் அது எட்டு டன் தாங்குமா, எண்ணூறு கிலோவில் பிய்யுமா என்று பட்டறையில் சொல்ல ஆள் கிடையாது. வண்டியை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், முன் சீட்டுக்குப் பின்னால் தடுப்பு இருந்தால் சீட் போடுவதற்காக முதலில் அதைத்தான் கழற்றுவார்கள். சரக்கு ஓட்டுநர் மேல் வந்து விழாமல் காப்பது அதுதான். கோவிலுக்குப் போகும்போது பின்னால் பொங்கல் பானை, அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு எல்லாம் இருக்கும். அவை பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால், எந்தத் தடுப்பும் இல்லாமல் இருக்கும். பக்கவாட்டில் கண்ணாடி இல்லாத கார்கோ பாடியில் சித்திரை வெயிலில் அம்மாவை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைத் திட்டவட்டமாக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் தண்டனையும் சேர்ந்தது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அங்கீகாரம் பெற்ற சி.என்.ஜி. கிட் மாட்டி ஆர்.சி.யில் ஏற்றுகிறார்களே என்று கேட்கலாம். அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. சரக்கு வண்டியை ஆள் வண்டியாக்குவது வண்டியின் வகையையே மாற்றுவது. உங்கள் ஆர்.சி.யில் வகை சரக்கு வாகனம் என்றும், சீட் எண்ணிக்கை டிரைவரோடு சேர்த்து 2 என்றும் இருக்கும். அந்த 2 ஐந்தாக மாறாது.

சின்ன சரக்கு வண்டிக்காரர்கள் பலரிடம் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டாம், உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு "நமக்குத்தான் பர்மிட்டே வேண்டாமே" என்று ஆளையும் ஏற்றுகிறார்கள். விலக்கு சரக்குக்கு மட்டும்தான். கிடாவெட்டுக்குக் குட்டி யானை லோடு வண்டியில் ஊரே ஏறிப் போகிறதே என்றால், போகிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குக் கொண்டு போகும் அன்று, பின் சீட் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டரின் கண்ணில் படாமல் இருக்காது. கழற்றிவிட்டுப் போனாலும் தளத்தில் ஓட்டை பல்லிளிக்கும். 2019 வண்டி என்பதால் இதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. எடுத்திருப்பீர்கள். எட்டு ஆண்டு முடிந்ததும் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

அபராதத்தை விடப் பெரிய அடி காப்பீட்டில் விழும். சரக்கு வண்டியின் கட்டாயக் காப்பீடு சரக்கின் உரிமையாளரையோ அவருடைய பிரதிநிதியையோ ஏற்றுக்கொள்ளும். சும்மா உடன் வந்த பயணிக்கு காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது. பின் சீட்டில் வரும் தங்கைக்கோ மச்சானுக்கோ ஏதாவது ஆகி, அவர்கள் நஷ்டஈடு கேட்டால் தீர்ப்பாயம் கை காட்டுவது வண்டி ஓனரை. வீட்டை விற்றுக் கட்ட வேண்டி வரலாம்.

சரி, வேறு என்ன செய்யலாம்? கார்கோவைக் கொடுத்துவிட்டு 5 சீட் ஈகோ வாங்கி, இரண்டுக்கும் அதையே ஓட்டிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதிலும் ஒரு முள் இருக்கிறது. வெள்ளை போர்டு கார், அதாவது சொந்த உபயோகக் கார் பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்று ஒரு பத்தி இருக்கும். சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர வேறு சரக்கு ஏற்றினால் பாதுகாப்பு இல்லை என்று அதில் எழுதியிருக்கும். தினமும் பூ மூட்டை ஏற்றினால் அந்த வரம்பை நீங்கள் தினமும் மீறுகிறீர்கள்.

அதனால் என் யோசனை: நாள்தோறும் மார்க்கெட்டுக்குப் போகும் அளவு சரக்கு இருந்தால் கார்கோவைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். கோவில், விசேஷத்துக்கு டாக்ஸி பிடியுங்கள். அந்த 18,000 ரூபாய் பல பயணங்களுக்கு வரும். வரத்து குறைவு, சீசனில் மட்டும்தான் மூட்டை அதிகம் என்றால் பூவை பஸ்ஸிலோ ஊரில் மற்றவர்களோடு சேர்ந்து லோடு வண்டியிலோ அனுப்பிவிட்டு, வீட்டுக்கென்று 5 சீட் ஈகோ வாங்குங்கள். குடும்பத்துக்குத்தான் வண்டி அதிகம் ஓடப் போகிறது என்றால் இரண்டாவதே நல்லது.

அப்படி வாங்கப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்கு வந்த அதே யோசனை வந்து, கார்கோவில் சீட் போட்டு ஓட்டிவிட்டு விற்பவர்கள் உண்டு. ஆர்.சி.யில் வகை மோட்டார் கார் என்று இருக்கிறதா, சீட் எண்ணிக்கை 5 என்று இருக்கிறதா பாருங்கள். புத்தகத்தில் மட்டும் பார்க்காமல் எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டும் பாருங்கள். பின்பக்கக் கண்ணாடியின் ரப்பர் ஓரத்தை விரலால் தூக்கினால் கட்டர் வைத்து அறுத்த தகடு சொரசொரப்பாகத் தட்டுப்படும், கம்பெனி ஓரம் மடிந்து வழுவழுப்பாக இருக்கும். கீழே குனிந்து சீட் போல்ட் வரும் இடத்தைப் பாருங்கள். வாஷரும் நட்டும் வெளியே துருத்திக்கொண்டு, சுற்றிலும் கறுப்புப் பெயிண்ட் புதிதாக அடித்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

சீட்டை விட அவசரமான வேலை ஒன்று உங்களுக்கு இருக்கிறது. ஆர்.சி. உங்கள் பெயரில், இன்ஷூரன்ஸ் பழைய ஓனர் பெயரில் என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி கை மாறிய 14 நாளுக்குள் பாலிசியைப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்றைய நிலையில் நீங்கள் யார் மேலாவது மோதினால் அவருக்குக் காப்பீடு கிடைக்கும். உங்கள் வண்டிச் சேதத்துக்கும், ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் நீங்கள் உரிமை கேட்க முடியாது. ஆர்.சி. நகல், பழைய பாலிசி, விற்பனைக்குக் கையெழுத்திட்ட 29, 30-ஆம் படிவங்களின் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே பாலிசி கொடுத்த கிளைக்குப் போய்வாருங்கள்.