தம்பி ஏன் போகிறான்?

அன்புள்ள ஐயா,

என் தம்பி அரசின் ஆப்த மித்ரா என்ற தன்னார்வலர் திட்டத்தில் பேரிடர் மீட்புப் பயிற்சி பெற்றவன். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்துவிட்டால் வீட்டில் தங்குவதே இல்லை. சம்பளமும் கிடையாது. "உனக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பார்ப்பது?" என்று அம்மா அழுகிறார். இவர்களை இழுப்பது பெயர் வாங்கும் ஆசையா? அல்லது அரசு தன் வேலையை இவர்கள் தலையில் கட்டுகிறதா?

வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயருக்காகப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் அடுத்த மழைக்கு வரமாட்டார்கள். உங்கள் தம்பி ஒவ்வோர் ஆண்டும் போகிறார் என்றால் காரணம் வேறு.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் ஆரன்முளாவுக்கும் போனார்கள். கடலுக்கென்று செய்த வள்ளங்கள் அவை. தண்ணீருக்கடியில் மறைந்து கிடந்த மதில்களும் இரும்புக் கதவுகளும் அடிப்பலகையைக் கிழித்தன. எஞ்சின் ஓட்ட முடியாத சந்துகளில் இறங்கிக் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். மலப்புறத்தில் ஒருவர் வெள்ளத்துக்குள் குனிந்து தன் முதுகையே படியாக்கினார். பெண்கள் அவர்மீது கால் வைத்து ரப்பர் படகில் ஏறினார்கள். அரசு வள்ளம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் அறிவித்தபோது, அதைக் கேட்டு மனம் வருந்தியவர்களும், வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள்.

அப்படிப் போனவர்களில் பூந்துறை, விழிஞ்ஞம் கரைக்காரர்களும் உண்டு. அதற்கு ஒன்பது மாதம் முன்புதான், 2017 நவம்பர் கடைசியில், ஒக்கி புயல் அந்தக் கரையையும், நம் குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறையையும் சூறையாடியிருந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. தேடுதல் தாமதமாகிறது என்று கரையில் நின்று கதறிய மக்கள், பொறுக்க முடியாமல் தங்கள் படகுகளிலேயே தேடப் போனார்கள். கூரைமேல் ஏறி நின்றுகொண்டு யாராவது வருவார்களா என்று பார்க்கிறவனின் மனம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் செங்கன்னூருக்குப் போனதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் தேடமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு: தொழில் கற்றுத்தந்த பழக்கம். நடுக்கடலில் 108 வராது. பக்கத்துப் படகுதான் வரும். இன்று நான் போனால்தான் நாளை எனக்கு ஒருவன் வருவான் என்பது அங்கே அன்றாட நியதி. கரையிலும் நிலைமை ஏறக்குறைய அதுதான். இதயம் நின்றுவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கும். ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும், மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தத் தெரிந்த ஒருவர் அதே தெருவில் இருந்தாக வேண்டும். ஒருமுறை கற்றுக்கொண்டவருக்குக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பது முடியாத காரியமாகிவிடுகிறது. உங்கள் தம்பியும் அப்படித்தான் ஆகியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அரசைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அண்டைவீட்டாரின் நல்ல மனதைக் காட்டித் தீயணைப்பு நிலையங்களில் ஆள் குறைப்பதை ஒப்புக்கொள்ளவே கூடாது. உயிர்காக்கும் உடுப்பும் நல்ல கயிறும் இல்லாமல் ஒருவரை வெள்ளத்தில் இறக்குவது குற்றம். ஆனால் அந்தக் கோபத்தைத் தம்பிமேல் காட்டாதீர்கள்.

அம்மாவிடம் அவர் தனியாகப் போவதில்லை, குழுவோடுதான் போகிறார் என்று சொல்லுங்கள். அப்படித்தான் போகிறாரா என்று முதலில் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சியின்போது கொடுத்த உடுப்பு கிழியாமல் இருக்கிறதா, காப்பீடு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மழைக்கு முன்பே அவரை அழைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்குப் போய், எழுத்தில் மனு கொடுங்கள். நகலுக்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்