கைராசி எல்லாம் ஒன்னும் இல்ல தங்கச்சி, மண்ணு புளிச்சுப் போயிருக்கு

கேள்வி: அக்கா, நாங்க தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல லயத்து வீட்டுல இருக்கோம். வீட்டுக்காரர் கொழும்புல கடையில வேல, மாசத்துக்கு ஒருக்காதான் வருவார். நானும் மாமியும் ரெண்டு புள்ளைங்களும்தான் வீட்டுல. முன்னால ரெண்டு பாத்தி போடுற அளவுக்கு எடம் இருக்கு. போன வருஷம் மே மாசம் கெரட், தக்காளி, கொச்சிக்கா (மிளகா) மூணும் போட்டேன். கெரட் ரெண்டு கால் மூணு காலா பிரிஞ்சு வந்துச்சு, தக்காளி பூ வச்ச நேரம் கறுத்து அழுகிருச்சு, கொச்சிக்கா ஒரு சாணுக்கு மேல வளரவே இல்ல. மாமி “அவளுக்கு கைராசி இல்ல”ன்னு லயம் பூரா சொல்லிட்டு திரியிறாங்க. புள்ளைங்க மரக்கறிய கண்டா மூஞ்ச திருப்புதுங்க, நூடுல்ஸ்தான் வேணுமாம். இந்த வருஷம் மறுபடி போடவா, இல்ல விட்டுறவா?
பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில்: தங்கச்சி, விட்டுறாதீங்க. மே மாசம் தலவாக்கலையில அந்த மூணையும் நான் போட்டிருந்தாலும் அதே கதிதான், உங்க மாமி போட்டிருந்தாலும் அதே கதிதான். மே கடைசியில தென்மேல் மழை பிடிச்சுதுன்னா செப்டம்பர் வரைக்கும் உங்க பக்கம் விடாது, துணியே காயாத நாளுல தக்காளி மட்டும் காய்க்குமா சொல்லுங்க. கறுத்து அழுகினது பிளைட் நோய், குளிரும் ஈரமும் சேந்து நின்னா வரும், உருளக்கெழங்குக்கும் அதே நோய்தான், அதனால பக்கத்து வீட்டுல யாராவது கெழங்கு போட்டிருந்தா அங்க இருந்தே காத்துல வந்திருக்கும். கொச்சிக்கா வெயில் கேக்குற சாமான், அனுராதபுரம் பக்கத்துல காயுற காய்ச்சல்ல வளர்ற செடிய கொண்டாந்து பனி மூட்டத்துக்குள்ள நிறுத்துனா அது என்னத்த வளரும். கெரட்டுக்கு, நீங்க எழுதல ஆனா அடிச்சு சொல்றேன், யோகட் கப்புல நாத்து எடுத்துத்தான் புடுங்கி நட்டிருப்பீங்க. கெரட்ட நாத்து நடவே கூடாது, ஆணிவேர் நுனி ஒடஞ்சா அது ரெண்டா மூணா பிரிஞ்சுரும், மண்ணுல கல்லு கெடந்தாலும் அப்படித்தான், பாத்தியிலயே நேரா தூவி அப்புறம் நெருக்கமா வந்தத கலைச்சு விடணும்.

இதெல்லாம் சரி, ஆனா இதுக்கெல்லாம் அடியில ஒரு விஷயம் இருக்கு, அத சரி பண்ணாம நீங்க எத போட்டாலும் வராது. நம்ம மண்ணு தேயிலை மண்ணு. தேயிலைக்கு புளிச்ச மண்ணு பிடிக்கும், புளிப்ப காட்டுற பி.எச். கணக்கு (கொறைய கொறைய புளிப்பு கூட) 4.5ல இருந்து 5.5 வரைக்கும் இருந்தாதான் அது சந்தோஷமா நிக்கும், அதுக்கு மேல வருஷக்கணக்கா போட்ட உரமும் மண்ண இன்னும் புளிக்க வச்சிருக்கு. மரக்கறிக்கு அது ஆகாது, 6, 6.5 இருக்கணும். மண்ணு ரொம்ப புளிச்சா நீங்க போடுற எருவோட சத்து செடிக்கு சரியா போய் சேராது, கோவா (முட்டைகோஸ்), நோகோல் (நூல்கோல்) மாதிரி சாமானுக்கு வேர்ல கட்டி கட்டியா வீங்குற நோயும் வரும், இலை வெயில்ல வாடி தொங்கும், நாம தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்துவோம். 

இதுக்கு மருந்து உங்க வீட்டு அடுப்படியிலயே கெடக்கு. வெறகுச் சாம்பல். பாத்திய ஒரு சாண் ஆழத்துக்கு முள்ளால கெளறி கல்ல பொறுக்கிட்டு, சலிச்ச சாம்பல மெல்லிசா, கோலப்பொடி தூவுற மாதிரி தூவி கலந்து விடுங்க. டொலமைட்னு விக்கிற சுண்ணாம்புக்கல் பொடி கெடச்சா இன்னும் நல்லது, 10 அடி நீளம் 3 அடி அகல பாத்திக்கு அரை கிலோவுல இருந்து ஒரு கிலோ போதும். ரெண்டுல ஏதாவது ஒன்னுதான் போடணும், ரெண்டையும் சேத்து கொட்டிராதீங்க, பிளாஸ்டிக் எரிச்ச சாம்பலும் வேண்டாம். போட்டுட்டு ரெண்டு வாரம் சும்மா விட்டுட்டு அப்புறம்தான் எரு. ஒரே நாள்ல கலந்தா எருவுல உள்ள சத்து வாயுவா பறந்துரும். உருளக்கெழங்கு போடுற எடத்துக்கு மட்டும் சாம்பல் வேண்டாம், தோல்ல சொறி பிடிக்கும்.

எருன்னதும் என் கதை ஒன்னு. 2021ல இரசாயன உரம் வரக்கூடாதுன்னு திடீர்னு நிப்பாட்டுனாங்களே, எல்லாரும் சாணி, கோழி எருன்னு ஓடுன நேரம், நானும் ஒரு மூட்டை பச்சை கோழி எருவ கொண்டாந்து அப்படியே லீக்ஸ் பாத்தியில கொட்டிட்டேன். அஞ்சாவது நாள் பாத்தா சுடுதண்ணி ஊத்துன மாதிரி அத்தனை நாத்தும் வெந்து கெடக்கு. பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பாத்துட்டு ஒரு வார்த்த பேசல, சிரிச்சுட்டு போயிட்டாங்க, அது இன்னும் வலிச்சுது. கோழி எருன்னா ரெண்டு மூணு மாசமாவது மக்க வைக்கணும். மாட்டு சாணியும் அப்படித்தான், கையில எடுத்தா மண்ணு வாசம் வரணும், சாணி வாசம் வந்தா இன்னும் நாள் இருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது கான், தண்ணி வடியிற வாய்க்கால். தேயிலை மலையில ஏன் கான் வெட்டுறாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல, அதே கணக்குதான் இங்கயும். பாத்தி சரிவுக்கு குறுக்க இருக்கணும், மேல் பக்கமா ஒரு சின்ன கான், தண்ணி அதுல விழுந்து ஓரமா போயிரணும். நேரா மேல இருந்து கீழ பாத்தி போட்டா மொத மழைக்கே எருவெல்லாம் கீழ் வீட்டுக்கு போயிரும், அவங்க கோவா நல்லா வரும். ஆனா ஒன்னு, எடம் பத்தலன்னு லயத்துக்கு பின்னால மண் திட்ட வெட்டாதீங்க, 2014 அக்டோபர்ல மீரியபெத்தையில மண் சரிஞ்சு லயங்கள் புதைஞ்சத நாம யாரும் மறக்கல. எடம் பத்தலன்னா பழைய உரச்சாக்குல மண்ணு ரொப்பி வாசல்ல வைங்க. சாக்க நல்லா கழுவிட்டு. மருந்து வந்த கேன், போத்தல் எதையும் செடிக்கு தண்ணி ஊத்த எடுக்காதீங்க, எத்தன தடவ கழுவுனாலும் வேண்டாம். மலைக்கு புல்லு மருந்து அடிக்கிற ஓரத்துல பாத்தி இருந்தாலும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க.

சரி, என்ன போடுறது? கடையில விதை பக்கட்டு படத்த பாத்து வாங்காதீங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. ஒரு வாரம் உங்க சட்டிக்குள்ள என்ன போகுதுன்னு பாருங்க. ரொட்டி, சம்பல், பருப்பு, ஏதாவது ஒரு கீரைச் சுண்டல், ஞாயித்துக்கெழம முட்டையோ கருவாடோ, இதுதானே. அப்ப உங்களுக்கு வேண்டியது இலைதான். இலை சீக்கிரம் வரும், நோய் கொறவு, வெட்டுனா திரும்ப தழையும்.

இப்ப பொங்கல் முடிஞ்சிருக்கு, மே வரைக்கும் நாலு மாசம் கையில இருக்கு. ராபு (முள்ளங்கி) 40, 45 நாள்ல புடுங்கலாம், அதோட இலையே ஒரு கறி. கம்பு கேக்காத குட்டை போஞ்சி (பீன்ஸ்) ரெண்டு மாசத்துல பறிக்கலாம், அது மண்ணுக்கும் சத்து குடுக்குற பயிர். நோகோல் நாத்து நட்டா ரெண்டு மாசம். லீக்ஸ் நாத்து வாங்கி நட்டா மூணு, மூன்றர மாசம், மழைக்கு முன்னால வந்துரும். வீட்டுத் தண்ணி போற ஓரத்துல புதினா, ஒரு சாக்குல வல்லார. இவ்வளவும் வேண்டாம், முதல் வருஷம் நாலு வகை போதும், ஒரேயடியா ராபு பக்கட்ட கவுத்து கொட்டாம பத்து நாளைக்கு ஒருக்கா ஒரு வரிசை தூவுங்க, இல்லன்னா ஒரே கெழமையில அம்பது ராபு வந்து நிக்கும், லயம் பூரா பங்கு வச்சாலும் தீராது. தக்காளி ஆசையா இருந்தா ரெண்டே ரெண்டு செடி, கூரை ஓரத்துல சாக்குல வச்சு மேல பொலித்தீன் இழுத்து கட்டுங்க, இலை நனையாம இருந்தா தப்பிக்கும். பதுளை, வெலிமடை பக்கம் இத வாசிக்கிறவங்களுக்கு மழை கணக்கு வேற, அங்க பெரிய மழை வருஷக் கடைசியில, அதனால என் தேதிய அப்படியே எடுக்காதீங்க. சந்தேகம்னா விவசாயத் திணைக்களத்து 1920 நம்பருக்கு ஒரு கோல் எடுங்க.

இனி புள்ளைங்க. மரக்கறின்னு பேர் சொல்லி தட்டுல வச்சா எந்த புள்ள சாப்பிடும்? ரொட்டிக்குள்ள போடுங்க. ரெண்டு கப் கோதுமை மா, ஒரு கப் தேங்காப்பூ, ஒரு பிடி பொடியா அரிஞ்ச ராபு இலை, இல்லன்னா லீக்ஸ் பச்ச பகுதி, சின்ன வெங்காயம், உப்பு. இலைய அரிஞ்சு உப்பு போட்டு பிசறி அஞ்சு நிமிஷம் வச்சு புழிஞ்சுட்டு மாவுல சேருங்க, அப்படி செஞ்சா ராபு இலை கசப்பு தெரியாது, மாவும் தளர்ந்து போகாது. கொஞ்சம் மெல்லிசா தட்டி நிதானமா சுடுங்க. கட்டா சம்பல் பெரியவங்களுக்கு, புள்ளைங்களுக்கு கொஞ்சம் சீனிச்சம்பல். நூடுல்ஸோட சண்டைக்கு போகாதீங்க, நீங்க தோத்துருவீங்க, கெழமைக்கு ஒரு நாள் குடுங்க, ஆனா அந்த மசாலா பக்கட்டுல பாதிய போட்டுட்டு லீக்ஸும் முட்டையும் வதக்கி மேல கொட்டுங்க. லீக்ஸ நீளத்துக்கு கீறி ஓடுற தண்ணியில கழுவணும், மடிப்புக்குள்ள மண்ணு நிக்கும், ஒரு தடவ பல்லுல கரகரன்னா புள்ளைங்க வருஷத்துக்கும் தொடாது.

உங்களுக்கும் ஒன்னு சொல்லணும். சுண்டல் சாப்பிட்ட கையோட பிளேன்டீ குடிக்கிற பழக்கம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு, கீரையில உள்ள இரும்புச் சத்த தேத்தண்ணி உடம்புல சேர விடாது, மலைக்கு ஏறி எறங்குற பொம்பளைங்க நமக்கு ரத்தம் கொறையிறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஒரு மணித்தியாலம் கழிச்சு குடிங்க. சுண்டல்ல தேசிக்கா புழிஞ்சுக்கோங்க, அது இரும்ப சேர வைக்கும்.

மாமி விஷயம் கடைசியா. அவங்கள எதிர்த்து பேசி ஒன்னும் ஆகப்போறதில்ல, வேலையில சேத்துக்கோங்க. முளை விட்ட சௌசௌ ஒன்னு வாங்கி அவங்க கையில குடுத்து, “மாமி உங்க கைராசிக்கு இத நீங்களே நடுங்க”ன்னு சொல்லுங்க. முழுக் காயா, முளை இருக்கிற பக்கம் மேல தெரியிற மாதிரி சாய்ச்சு பாதி பொதைச்சு, ஏற ஒரு பந்தலோ வேலியோ காட்டிட்டா போதும். காயும் ஆகும், கொழுந்த கிள்ளி சுண்டல் போடலாம், பந்தல் நெறைய தொங்குறத அவங்களே ஊருக்கு பங்கு வப்பாங்க. மலைநாட்டுல சௌசௌ யார் நட்டாலும் வரும் தங்கச்சி, ஆனா அத மட்டும் மாமிகிட்ட சொல்லிறாதீங்க.