எட்டுப் பழைய கணினிகள், ஒரு மாலை வகுப்பு: எந்த லினக்ஸ் போடலாம்?

கேள்வி: வியாசர்பாடியில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட எட்டு கணினிகள் கிடைத்துள்ளன. கோர் 2 டூயோ, 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சு பழகவும், பாடக் காணொளி பார்க்கவும் விண்டோசுக்குப் பதிலாக எந்த லினக்ஸ் நல்லது?

பதில்: லினக்ஸ் மின்ட், அதிலும் கணினிக்கு அதிகம் சுமை தராத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கோர் 2 டூயோ 64 பிட் பிராசஸர்தான், தடையில்லை. ஆனால் எட்டையும் இப்படியே ஓட்டப் பார்க்காதீர்கள். மின்டுக்கு 2 ஜிபி குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. ரேமைத் தின்பது லினக்ஸ் அல்ல, பிரவுசர். பயர்பாக்சில் நாலு பக்கம் திறந்ததும் ரேம் நிரம்பி, மீதி ஹார்டு டிஸ்க்குக்குப் போகும். அதோடு மவுஸ் கூட நகராது.

அதனால் முதலில் நான்கு கணினிகளின் ரேமைக் கழற்றி மற்ற நான்கில் போட்டு, ஆளுக்கு 4 ஜிபி ஆக்குங்கள். ஒவ்வொன்றிலும் 2 ஜிபி ஒரே குச்சியாக (ஒரே ரேம் அட்டையாக) இருந்தால் இது செலவே இல்லாத வேலை. இரண்டு 1 ஜிபி குச்சிகளாக இருந்தால், நான்கு குச்சி செருக இடம் வேண்டும்; ஸ்லாட் எண்ணிக்கையைப் பாருங்கள். மீதி நான்குக்கு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ரேம் தேடலாம். பழைய குச்சியைக் கையோடு கொண்டு போங்கள். ரேம் வகைகளான டிடிஆர் 2, டிடிஆர் 3 இரண்டுக்கும் அடியில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். மலிவாகத் தரும் சில டிடிஆர் 2 குச்சிகள் ஏஎம்டி போர்டில் மட்டுமே ஓடும், உங்கள் இன்டெல் போர்டில் ஓடாது. கேட்டு வாங்குங்கள்.

காசு இருந்தால் அடுத்து வாங்க வேண்டியது 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, அதாவது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம். பழைய ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் வேறு கணினி போலவே இருக்கும்.

பெட்டியைத் திறந்ததும் பிராசஸரைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களை, அதாவது சிறிய உருளை வடிவ பாகங்களை, பாருங்கள். தலை உப்பியிருந்தால் அந்த போர்டை ஒதுக்கிவிடுங்கள். ஆன் செய்ததும் திரை வராமல் நீண்ட பீப் மட்டும் கேட்டால் பெரும்பாலும் ரேம்தான். நம் ஊர் ஈரக்காற்றில் அதன் பொன்னிறப் பற்கள் மங்கிப் போயிருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். பயாஸ் பேட்டரியை, அதாவது சிஆர்2032 காசு பேட்டரியை, எட்டிலும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னோக்கிப் போய்விடும். பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று மறுக்கும். இன்டர்நெட்டில்தான் கோளாறு என்று நினைத்து மோடத்தோடு மல்லுக்கட்டுவீர்கள்.

8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் மின்டின் ஐஎஸ்ஓவை, அதாவது நிறுவல் கோப்பை, எழுதுங்கள். பார்ட்டிஷன் வகையில் எம்பிஆர் தேர்வு செய்யுங்கள்; ஜிபிடி வைத்தால் இந்த வயசு போர்டுகள் பூட் ஆகாது. பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவுக்கு, ஆன் செய்ததும் தட்ட வேண்டிய விசை பெரும்பாலும் எஃப்12, எஃப்11, எஃப்8 இதில் ஏதாவது ஒன்று. திரை கறுத்தே நின்றால் தொடக்க மெனுவில் உள்ள கம்பாட்டிபிலிட்டி மோடில் முயலுங்கள். நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி ஒலி, நெட்வொர்க், திரை மூன்றையும் சரிபாருங்கள்.

ஒரே ஒரு கணினியில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்சில்லா என்ற மென்பொருளால் மற்றவற்றுக்கு நகலெடுங்கள். 120 ஜிபி என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு சற்று மாறும்; இருப்பதில் சிறியதை மூலமாக வையுங்கள், இல்லையென்றால் அது நகலெடுக்க மறுக்கும். பிறகு ஒவ்வொன்றுக்கும் கணினிப் பெயரை மாற்றுங்கள். நிர்வாகி கடவுச்சொல் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு, லாகின் விண்டோ அமைப்பில் கெஸ்ட் செஷனை (கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை) திறந்துவிடுங்கள். வெளியேறியதும் எல்லாம் அழிந்து, அடுத்த பிள்ளைக்குச் சுத்தமாக நிற்கும். எழுதியதைச் சேமிக்க வேண்டிய பெரிய பிள்ளைகளுக்குத் தனிக்கணக்கு கொடுங்கள்.

காணொளியை 480பி-யில் வையுங்கள். 1080பி திக்கித் திக்கி வரும். அது பிராசஸரின் எல்லை, ரேம் ஏற்றினாலும் தீராது.

தமிழுக்கு, கீபோர்டு லேஅவுட்டில் உள்ள தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பைச் சேர்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். அது எழுத்தை மட்டும் தரும், புள்ளியைத் தானாக வைக்காது. தட்டச்சு உதவி மென்பொருள்களான ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவி அதற்குள் இருக்கும் தமிழ்99-ஐச் சேருங்கள். ‘க’ விசையை இருமுறை தட்டிப் பாருங்கள். ‘க்க’ என்று விழுந்தால் சரி. ‘கக’ என்று நின்றால் இன்னும் பழைய லேஅவுட்டில்தான் இருக்கிறீர்கள்.