அது வாய்வு இல்லை, கம்பி

கேள்வி: கலப்பின ஜெர்சி, மூன்றாம் ஈத்து. கன்று போட்டு இரண்டு மாதம். 13 லிட்டர் கறந்த மாடு ஒரே நாளில் 5 லிட்டருக்கு இறங்கிவிட்டது. தட்டையைத் தொடவில்லை, முதுகைத் தூக்கிக்கொண்டே நின்றது. மருந்துக் கடையில் வாய்வு பாட்டில் வாங்கி ஊற்றினேன், நாலாம் நாள் கொஞ்சம் தேறியது. ஆனால் இரண்டு வாரமாக இடப்பக்க வயிறு உப்புவதும் வடிவதுமாக இருக்கிறது, பாலும் 7 லிட்டரைத் தாண்டவில்லை. டாக்டர், "கம்பி குத்தி வயிற்றுச் சவ்வில் புண் இருக்கலாம், கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள், ஆபரேஷன் தேவைப்படலாம்" என்கிறார். வயிற்றைத் திறந்த மாடு உருப்படாது என்கிறார் மாமனார். வேறு நல்ல வாய்வு மருந்து இருந்தால் சொல்லுங்கள் ஐயா.
— பெண் விவசாயி, ராசிபுரம் அருகே

பதில்: அம்மா, வாய்வு மருந்து எதுவும் வேண்டாம். உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. நாமக்கல் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான், நாளைக்கே கொண்டுபோங்கள்.

நாலாம் நாள் மாடு தேறியது பாட்டிலால் அல்ல. வயிற்றறையின் உள்சுவர் முழுக்க, உள்ளே இருக்கும் குடல், இரைப்பை எல்லாவற்றின் மேலும், ஒரு மெல்லிய பளபளப்பான சவ்வு போர்த்தியிருக்கிறது. பெரிட்டோனியம் என்பது அதைத்தான். கொஞ்சம் வழுவழுப்பான நீர் அதில் எப்போதும் கசிவதால்தான் குடல் உராயாமல் நழுவுகிறது. அது உறிஞ்சுவதும் வேகமாக. குளிரில் விறைத்துக் கிடக்கும் ஆட்டுக்குட்டிக்கு டாக்டர் குளுக்கோஸை வயிற்றறைக்குள்ளேயே போடுவது இதனால்தான். சீழின் நஞ்சையும் அதே வேகத்தில் ரத்தத்துக்கு அனுப்பிவிடும் என்பதுதான் ஆபத்து.

மாடு தீவனத்தை நாக்கால் சுருட்டி, சரியாக மெல்லாமல் விழுங்கும். அதோடு போகும் கம்பி தேன்கூட்டு வயிற்றில், அதாவது மாட்டின் நாலு அறை வயிற்றில் முன்னால் இருக்கும் சின்ன அறையில், தங்கிவிடும். அந்த வயிறு நிமிஷத்துக்கு ஒரு தடவை போலச் சுருங்குகிறது, ஒவ்வொரு சுருக்கத்திலும் கம்பி முன்னே தள்ளப்படும். சுவரைத் துளைத்துச் சவ்வைத் தொட்ட அன்று மாட்டுக்குத் தாங்க முடியாத வலி. வயிற்றுச்சுவரை ஒட்டிய சவ்வில் வலி உணர்வு மிக அதிகம். அதனால்தான் முதுகைத் தூக்கி, முழங்கையை விரித்து, அசையாமல் நிற்கும். பள்ளத்தில் இறங்க மறுக்கும். திமிலுக்குப் பின்னால் முதுகைக் கிள்ளினால் நல்ல மாடு முதுகைத் தாழ்த்தும், இது தாழ்த்தாது, முனகும்.

அப்புறம் சவ்வு தன் வேலையைத் தொடங்கும். பசை போல ஒன்று கசிந்து, அக்கம்பக்கத்துச் சவ்வோடு ஒட்டி, ஓட்டையை அடைத்துவிடும். இந்தத் திறமை மாட்டுக்கு அதிகம், குதிரைக்குக் குறைவு. வலி குறைகிறது, மாடு தின்கிறது, பாட்டிலுக்குப் பேர் கிடைக்கிறது. ஆனால் ஒட்டிப்போன வயிறு சரியாகச் சுருங்காது. அதை இயக்கும் நரம்பும் அடிபட்டிருந்தால், ஏப்பம் வெளியேறாமல் வயிறு உப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் பார்ப்பது அந்த உப்புதலாக இருக்க வேண்டும். மாட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பாட்டில் நீட்டுகிற கடைக்காரர்கள் மேல் எனக்குக் கடுமையான கோபம் உண்டு. பாட்டிலுக்குக் கொடுத்த பணத்தை விட நீங்கள் இழந்த இரண்டு வாரம் பெரிது. அந்தத் தேன்கூட்டு வயிற்றுக்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது உதரவிதானமும் சில சென்டிமீட்டர் இடமும்தான். கம்பி இதயம் வரை போய், கழுத்து ரத்தக்குழாய் விரல் தடிமனுக்குப் புடைத்து, அலைதாடியில் நீர் கோத்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது.

மாமனார் பயத்துக்கும் பதில் சொல்கிறேன். மாடு நின்றபடியே இருக்க, மரத்துப்போக ஊசி போட்டு, இடப்பக்க விலாவில் திறப்பார்கள். பெருவயிற்றை முதலில் வெட்டுவாயோடு தைத்துவிட்டுத்தான் அதைத் திறப்பார்கள், உள்ளிருப்பது வயிற்றறைக்குள் ஒரு சொட்டும் விழாமல் இருக்க. அதன் வழியே கைவிட்டுத்தான் தேன்கூட்டு வயிற்றில் இருக்கும் கம்பியை எடுப்பார்கள். சவ்வைப் பொறுத்தவரை, காயம் சிறிதோ பெரிதோ, ஒரு வாரம் பத்து நாளில் புதிய சவ்வு மூடிவிடும். இரண்டு வாரம் கழிந்ததால் உறுதி சொல்ல மாட்டேன், ஒட்டு எவ்வளவு என்பது திறந்தால்தான் தெரியும். ஆனால் முயற்சி செய்யாமல் விடாதீர்கள். வெட்டி உருக்குலைந்த மாடுகளை விட, தாமதித்துச் செத்தவற்றைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வயிறு உப்பினால் கத்தியால் குத்திக் காற்றை விடச் சொல்வார்கள், அதைச் செய்யவே கூடாது. அந்த ஓட்டை வழியே கொட்டும் நீரும் சாறும் சவ்வு முழுவதையும் அழற்சியாக்கும்.

சரி, நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன்: கம்பி எங்கிருந்து வந்தது? மற்ற மாடுகள் அதே தீவனத்தைத்தானே தின்கின்றன?

கட்டுத்தரையில் கட்டுக்கம்பி நுழையவே கூடாது. பந்தல், தடுப்பு, தீவனத் தொட்டி, கதவு எல்லாவற்றையும் தேங்காய்க் கயிற்றால் கட்டுங்கள். துருப்பிடித்து ஒடிந்த ஒவ்வொரு துண்டும் கொட்டகையை விட்டு வெளியே போவதில்லை, கூட்டும்போது தட்டையோடு கலக்கிறது. வீட்டில் கட்டட வேலை நடந்தால் அதன் அருகே ஒரு நாள்கூடத் தீவனம் கொட்டாதீர்கள். தவிட்டு மூட்டை, புண்ணாக்கு மூட்டை தைத்த ஊசியை எண்ணி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய டயரை வெட்டித் தொட்டியாக்கினால் உள்ளிருக்கும் கம்பி ஓரத்தில் நீண்டு, ஒடிந்து தீவனத்தில் விழும். தீவனம் வெட்டும் மெஷினின் வாயில் ஒரு வலுவான காந்தம் ஒட்டி வையுங்கள், வாரம் ஒரு தடவை அதைப் பாருங்கள், உங்களுக்கே அதிர்ச்சியாக இருக்கும்.

ஒரு வயது தாண்டிய கிடாரிகளுக்கு, டாக்டர் மூலம், வழவழப்பான மாட்டுக் காந்தம் விழுங்க வைக்கலாம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் போட்டுவிடாதீர்கள், அது உடைந்து தானே காயம் செய்யும். செம்புக் கம்பியையும் அலுமினியத்தையும் காந்தம் பிடிக்காது. சுவரைத் தாண்டிப் போன கம்பியை இழுத்து வராது. ஆகவே காந்தம் போட்டுவிட்டோம் என்று தரையைக் கூட்டாமல் இருக்க வேண்டாம்.

இப்போது மாட்டைத் தனியாகக் கட்டி, முன்னங்கால் ஒரு சாண் உயரத்தில் நிற்கும்படி மண் கொட்டுங்கள். காலையும் மாலையும் வெப்பநிலை எடுத்துக் குறியுங்கள், 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம், 103-ஐத் தாண்டினால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். வண்டிக்கு ஆள் கிடைக்கவில்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஏற்றும்போது தலைப்பக்கம் மேடாக இருக்கட்டும், கல்லூரியில் கன்று போட்ட தேதியையும், வாய்வு பாட்டில் ஊற்றியதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.