காற்றுக்கு வழி, கண்ணாடிக்கு இடம்: வாசகர் கேள்வி–பதில்

வீட்டுப் புதுப்பிப்பு பற்றி இப்பகுதிக்கு இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சீனர்களின் மனை சாஸ்திரமான ஃபெங் சுயியைத் தொட்டே எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றைத் தேர்ந்து பதில் தருகிறோம்.

தெங்காவில் எங்கள் நாலறை பிடிஓ (முன்பதிவின்பேரில் கட்டித்தரப்படும்) வீட்டின் சாவி கிடைத்துவிட்டது. வாசல் கதவைத் திறந்தால் நேர் எதிரே வரவேற்பறைச் சன்னல் தெரிகிறது. வந்த செல்வம் அப்படியே வெளியே போய்விடும் என்றும், வாசலருகே கூரை வரை மரத்தடுப்பு வைக்கவேண்டும் என்றும் உள்ளலங்கார வடிவமைப்பாளர் வற்புறுத்துகிறார். காரைக்குடியில் பிறந்த என் மாமியாரோ, வாசலும் பின்வாசலும் ஒரே நேரில் இருப்பதுதான் வீட்டுக்கு லட்சணம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? — வாசகி, தெங்கா

இருவரும் தத்தம் ஊருக்குப் பொருந்துவதைத்தான் சொல்கிறார்கள். குவோ பூ (276–324) என்னும் சீன அறிஞரின் பெயரால் வழங்கும் பழைய நூலொன்று, உயிராற்றல் காற்றில் சிதறும், நீரைக் கண்டால் தங்கும் என்கிறது. இந்தக் கருத்தைக் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வறண்ட பனிக்காற்று வீசும் நிலத்தில் வைத்துப் பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் மலை இருக்கவேண்டும், முகப்பு தெற்கே வெயிலைப் பார்க்கவேண்டும், வாசலில் நுழையும் காற்று தடையின்றி ஊடுருவக்கூடாது என்ற விதிகளெல்லாம் உடம்பைக் காக்கும் ஏற்பாடுகளாகவே தெரியும். செட்டிநாட்டு வெயிலுக்கு அந்தக் கவலை கிடையாது. அங்கே முகப்பில் நின்று பார்த்தால் வளவு (முற்றத்தைச் சுற்றிய முதற்கட்டு), இரண்டாங்கட்டு ஆகியவற்றைக் கடந்து பின்வாசல் வரை கண்ணுக்குத் தெரியும்படி நிலைகளை ஒரே நேரில் வைத்தார்கள். நடுவில் திறந்திருக்கும் முற்றத்தின் வழியே சூடு மேலெழும்ப, வாசல்கள் வழியே காற்று ஓடவேண்டும் என்பது அதன் நோக்கம்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் இருக்கிறது. பனிக்காற்றை நாம் கண்டதில்லை; நம்மை வாட்டுவது புழுக்கம். டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்கிலிருந்தும், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தெற்கு, தென்மேற்குப் பக்கங்களிலிருந்தும் காற்று வருகிறது. அது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியுள்ள வீடு இங்கே கிடைப்பதற்கரியது. அந்த வழியைக் காசு கொடுத்து மரப்பலகையால் அடைத்துவிட்டு, பிறகு நாளெல்லாம் குளிரூட்டியை ஓடவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆனால் வடிவமைப்பாளரின் பேச்சில் எடுத்துக்கொள்ளவேண்டிய ஒன்று உண்டு. கதவைத் திறந்த மாத்திரத்தில், பொது நடைபாதையில் போகிறவர் கண்ணில் உங்கள் வரவேற்பறை முழுவதும் படுகிறதென்றால் அது சங்கடம்தான். இடுப்பளவு உயரத்தில் ஒரு காலணி அலமாரியை வைத்து, அதன்மேல் இடைவெளிவிட்டு நிறுத்திய மரச்சட்டங்களைப் பொருத்தினால் பார்வை மறையும், காற்று மறையாது. ஃபெங் சுயிப்படியும் நேர்வழி வளைந்துவிடும். சன்னலையும் கதவையும் ஒருசேரத் திறக்கும்போது கதவு படாரென்று அறையாதிருக்கத் தரையில் ஒரு கதவுத் தாங்கியையும் பொருத்திவிடுங்கள், குழந்தைகளின் விரல்கள் தப்பும்.

வணிகர்கள் இதில் வேறு கணக்குப் போடுவதுண்டு. 2008இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினம், நகரின் செல்வத்தை வெளியே வாரிச் செல்கிறது என்று ஃபெங் சுயி வல்லுநர்கள் சொன்னதால் அதே ஆண்டில் சுழலும் திசையை மாற்றிக்கொண்டது. வாடிக்கையாளர் மனம் குளிர்ந்தால் அவர்களுக்கு அந்தச் செலவு வரவுதான். உங்கள் மரத்தடுப்பின் செலவை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

மறுவிற்பனை வீடொன்றைப் பார்த்திருக்கிறோம். படுக்கையறைகள் இரண்டும் மேற்குப் பக்கம். என் கணவரின் பிறந்த ஆண்டை வைத்துக் கணித்த ஃபெங் சுயி ஆலோசகர், அவருக்கு மேற்குத் திசையே உகந்தது, தயங்காமல் வாங்கலாம் என்கிறார். தங்கள் கருத்து என்ன? — வாசகி, புக்கிட் பாத்தோக்

ஆலோசகர் சொல்வது 'குவா' எண் முறை. பிறந்த ஆண்டையும் ஆணா பெண்ணா என்பதையும் கொண்டு ஓர் எண்ணைக் கணித்து, மனிதர்களைக் கிழக்குக் குழு, மேற்குக் குழு என்று பிரிப்பார்கள். இக்கணக்கின்படி உங்கள் கணவருடன் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்த ஆண்கள் ஏறக்குறைய அனைவருக்கும் ஒரே திசைதான் உகந்ததாக இருக்கும். அவர்களெல்லாரும் மேற்குப் பார்த்த அறையில் நிம்மதியாக உறங்குகிறார்களா என்பதைக் கணவரிடமே விசாரித்துப் பாருங்கள்.

சூரியனுக்கு இந்த எண் தெரியாது. இங்கே ஆண்டு முழுவதும் மாலை 7 மணி அளவில்தான் பொழுது சாய்கிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் நேர் மேற்கிலும், ஜூனில் சற்று வடமேற்கிலும், டிசம்பரில் சற்று தென்மேற்கிலும் மறைகிறது. ஆகவே மேற்குச் சுவர் எந்த மாதத்திலும் முழுதாகத் தப்புவதில்லை. பிற்பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கும் கான்கிரீட், அந்தச் சூட்டை உடனே வெளியிடாமல் நீங்கள் படுக்கப்போகும் நேரத்தில் அறைக்குள் விடுகிறது. மேற்கு அறையில் இரவு 10 மணிக்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

எனவே வீட்டை உறுதி செய்வதற்கு முன், மழையில்லாத ஒரு நாள் மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் போய்ப் படுக்கையறையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். எதிரே உயரமான புளோக் நின்று வெயிலை மறைத்தால் மேற்கு என்பது பெயரளவுக்குத்தான். எதிரே திடலோ விரைவுச்சாலையோ இருந்தால் வெயில் நேராக உள்ளே வரும். மற்ற எல்லாம் பிடித்துப்போய் வாங்குவதென்றே முடிவானால், துணி அலமாரியை மேற்குச் சுவரோடு சேர்த்து நிறுத்துங்கள். கட்டிலின் தலைமாட்டை அச்சுவரில் ஒட்டவிடாதீர்கள். சன்னல் கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்கும் ஒட்டுப்படலமும் உட்புறம் கனத்த திரையும் போட்டால் ஓரளவு தாங்கும். தலை வடக்கே வைக்கக்கூடாது என்ற நம் வீட்டு வழக்கத்தையும் காப்பாற்றவேண்டுமென்றால், எஞ்சியிருக்கும் கிழக்கும் தெற்கும் உங்களுக்குப் போதும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். கைப்பேசித் திசைகாட்டியை வீட்டுக்குள் வைத்து அளக்கும் ஆலோசகர்களைக் கண்டிருக்கிறேன். சுவர்களிலும் தூண்களிலும் முறுக்குக் கம்பி நிறைந்த கட்டடத்தில் அந்த முள் இரண்டு அடி நகர்ந்தாலே வேறு திசை காட்டக்கூடும். இணைய வரைபடத்தில் உங்கள் புளோக்கைப் பார்த்தாலே திசை தெளிவாகத் தெரிந்துவிடும், அதற்குக் கட்டணமும் இல்லை.

அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் அடுத்தடுத்து இருந்தால் குடும்பத்தில் சண்டை வரும் என்கிறார்களே? — வாசகர், ஈசூன்

சண்டை வருகிறதோ இல்லையோ, கொப்புளம் வரும். கொதிக்கும் எண்ணெயில் நீர் தெறித்தால் என்னவாகும் என்பது அப்பளம் பொரித்த எவருக்கும் தெரியும். நெருப்பையும் நீரையும் பிரித்து வை என்பதில் ஃபெங் சுயி, நம் மனையடி சாஸ்திரம், அனுபவம் மூன்றும் ஒன்றுபடுகின்றன. இடையில் சுமார் 60 சென்டிமீட்டர் மேடை இருந்தால் நறுக்கி வைப்பதற்கும் இறக்கி வைப்பதற்கும் வசதியாக இருக்கும். இதைச் சாக்கிட்டுச் சமையலறையையே வேறு அறைக்கு மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அதை அனுமதிக்காது.

எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்தினர் தங்கள் கதவுக்கு மேல் எட்டுமூலைக் கண்ணாடி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அது எங்கள் வாசலைப் பார்க்கிறது. அம்மா மிகவும் கலங்கிப்போய், நாமும் அதைவிடப் பெரிய கண்ணாடியாக மாட்டவேண்டும் என்கிறார். மாட்டலாமா? — வாசகர், உட்லண்ட்ஸ்

வேண்டாம். பாகுவா எனப்படும் அந்தக் கண்ணாடி, தீயது எதுவும் தம் வாசலைத் தாண்டாமலிருக்க அவர்கள் செய்துகொள்ளும் காப்பு. நாம் வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டுகிறோம், பூசணிக்காய் தொங்கவிடுகிறோம். அவையெல்லாம் எதிர்வீட்டாரைக் குறிவைத்தா கட்டப்படுகின்றன? பெரும்பாலும் மின்தூக்கிக் கதவோ, மாடிப்படியோ, எதிரிலுள்ள தூணின் கூர்மையான விளிம்போ தம் வாசலை நேராகப் பார்க்கும்போதுதான் இதை மாட்டுகிறார்கள். நடைபாதை குறுகலாக இருப்பதால் உங்கள் கதவும் அந்த வரிசையில் வந்துவிடுகிறது. நீங்கள் பெரிய கண்ணாடி மாட்டினால் அவர்கள் இன்னும் பெரியதைத் தேடுவார்கள். கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் மகிழ்வார்.

அம்மாவையும் அழைத்துக்கொண்டு, அடுத்த பண்டிகைக்குச் செய்யும் முறுக்கில் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பேசிப் பாருங்கள். எதற்காக மாட்டினீர்கள் என்று குறையாகக் கேட்காமல், தெரிந்துகொள்ளும் விருப்பத்தோடு கேட்டால் பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே விளக்குவார்கள். வெயில் அதில் பட்டு உங்கள் வீட்டுக்குள் கண்ணைக் கூசினால், சற்றுச் சாய்த்து மாட்டும்படி கேட்பது நியாயமான வேண்டுகோள். அம்மாவின் மனம் ஆறவில்லையென்றால் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டட்டும், யாருக்கும் அதனால் வருத்தமில்லை. தொட்டிச் செடி வரிசை வைத்து மறைக்கலாம் என்று மட்டும் நினைக்கவேண்டாம்: தீ விபத்தின்போது ஆட்கள் வெளியேறுவதற்காகப் பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்கவேண்டும் என்பது விதி.

பூசையறைக்கு வேறு இடமில்லை. பொம் ஷெல்ட்டர் எனப்படும் பாதுகாப்பறை வடகிழக்கு மூலையில் அமைந்திருப்பதால் அதையே பூசையறையாக்கச் சொல்கிறார் வாஸ்து பார்த்தவர். செய்யலாமா? — வாசகி, செங்காங்

மூலை சரியாக இருக்கலாம், அறை சரியில்லை. 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் உள்ள இந்தப் பாதுகாப்பறை, தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்டது. அதன் சுவரை உடைப்பதோ கதவைக் கழற்றி வேறு கதவு போடுவதோ கூடாது. காற்றுத் துளைகளை நிரந்தரமாக அடைக்கவும் கூடாது. ஆகையால் மணி கட்டிய தேக்குக் கதவு, சுவர் முழுக்கப் பளிங்கு என்று வாஸ்துக்காரர் வரைந்து காட்டும் படம் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

அதைவிட முக்கியமானது விளக்கு. சன்னலே இல்லாத சிற்றறையில் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய் விளக்கும் கற்பூரமும் சாம்பிராணியும் ஏற்றினால், புகை போக வழியில்லாமல் மூச்சு முட்டும். முதியவர்கள் உள்ளே அமர்ந்து நெடுநேரம் பாராயணம் செய்யும் வீடுகளில் இது ஆபத்து. வரவேற்பறையின் கிழக்குச் சுவரோரம், திரைச்சீலையிலிருந்து தள்ளி, கதவு வைத்த ஒரு மாடம் செய்து, கீழே இழுப்பறைகளில் பூசைப் பொருள்களை வைப்பது இதைவிட எவ்வளவோ மேல். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அது இருந்தால் மாடத்தை அதற்கு நேர் கீழே அமைக்காதீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் அக்கம்பக்கத்தார் ஓடிவர நேரும். பாதுகாப்பறையில் அரிசி மூட்டையும் பெட்டிகளும் இருக்கட்டும்.

வடகிழக்கில் மீன்தொட்டியும் மேசைமேல் அதிர்ஷ்ட மூங்கிலும் வைத்தால் பணவரவு பெருகுமா? — வாசகர், தெம்பனிஸ்

மீன் வளர்ப்பது மனத்துக்கு இதம். பணத்துக்கு என்னால் உறுதி தர இயலாது. தொட்டி வாங்குமுன் எடையைக் கணக்கிடுங்கள். 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 250 லிட்டர் நீர் பிடிக்கும். நீரின் எடையே 250 கிலோ. கண்ணாடி, மணல், தாங்கி எல்லாம் சேர்த்தால் 300 கிலோவை எளிதில் தாண்டிவிடும். அவ்வளவையும் கூடத்தின் நடுவே, தரையின் ஒரே இடத்தில் நிறுத்துவது விவேகமன்று. 2 அடி நீளமும் ஓரடி அகலமும் உயரமும் உள்ள தொட்டியானால் 60 லிட்டருக்குள் முடிந்துவிடும். மின்செருகிகள் தொட்டியின் கீழே நீர் சொட்டும் இடத்தில் இருக்கக்கூடாது.

அந்த மூங்கில் உண்மையில் மூங்கிலே அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிராசினா வகைச் செடி. சீனப் பெருநாளுக்கு வாங்கி, குவளை நீரில் வைத்துவிட்டு மறந்துபோகும் வீடுகளில் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரமே போதும் என்பதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீரை மாற்றி, வேரையும் குவளையின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவவேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் செடியை மண்ணில் நட்டுவிடலாம், அது நன்றாகவே வளரும்.

மகன் சீனப் பெண்ணை மணக்கவிருக்கிறான். வீடு பார்க்கும்போது, சீனத்தில் 4 என்பது சாவு என்ற சொல்லைப்போல் ஒலிப்பதால் 4ஆம் மாடி வேண்டாம் என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். 8ஆம் எண் சனிக்குரியது, அது வேண்டாம் என்கிறார் என் கணவர். அவர்களுக்கோ 8தான் ராசி. என்ன செய்வது? — வாசகி, ஜூரோங் வெஸ்ட்

4ஐயும் 8ஐயும் விட்டுவிட்டாலும் மாடிகளுக்குப் பஞ்சமில்லை, இதற்காகச் சம்பந்திகள் மனம் கசக்கவேண்டாம். ஆயினும் மணமக்களுக்குப் பிடித்த வீடு 4ஆம் மாடியிலேயே அமைந்து, அந்த எண்ணைக் காட்டி விற்பவரிடம் விலையைக் குறைக்கவும் முடிந்தால், வாங்கலாம் என்பேன்; பின்னாளில் விற்கும்போது உங்களிடமும் அதே பேரம் பேசப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாங்கட்டும். 99 ஆண்டுக் குத்தகையில் எவ்வளவு மீதமிருக்கிறது, பிற்பகல் வெயில் எந்த அறையில் விழுகிறது, வேலைக்குப் போய்வரப் பெருவிரைவு ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று மணமக்கள் இருவரும் முதலில் பார்த்துவிட்டு, அதன்பிறகு மாடி எண்ணைப் பெரியவர்களிடம் சொல்லட்டும்.